பைண்டரோடு 14 மாதம், ஆபரேஷன் தேதி தள்ளிப்போய்விட்டது, தப்பான யோசனை வருகிறது

ஒன்றரை ஷிப்டு
ஞாயிறு, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் தேனிப் பக்கம், இருப்பது திருப்பூரில். வயது 23. திருநம்பி, பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்டவன். பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறேன். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்டு முடிந்து வெளியே வர இரவு ஒன்பது ஆகும். அவ்வளவு நேரமும் பைண்டர், அதாவது மார்பு தெரியாமல் இறுக்கும் உள்பனியன், உடம்பில்தான். கம்பெனியில் மிச்சமாகும் லைக்ரா பிட்டுகளை இரண்டு மடிப்பாக வைத்து நானே தைத்தது. தைத்த அன்று பெருமையாகத்தான் இருந்தது. இப்போது வலது பக்கம் கீழ் விலாவில் மூச்சை இழுத்தால் குத்துகிறது. அக்குளுக்குக் கீழே புண்.

மார்பை எடுத்துத் தட்டையாக்கும் அறுவைக்காக ஓர் அரசு மருத்துவமனைக்கு 14 மாதமாக அலைகிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகும். மனநல மருத்துவர் மூன்று முறை பார்த்துச் சான்று கொடுத்துவிட்டார். பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரும் சரி என்றார். தேதியும் கொடுத்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால் ரத்தம் எடுத்தார்கள், ஹீமோகுளோபின் 8.4. மயக்க மருந்து டாக்டர் ஃபிட்னஸ் தர முடியாது என்று எழுதிவிட்டார். அடுத்த தேதி எப்போது என்று கேட்டேன். "மொதல்ல ரத்தம் ஏறட்டும்ப்பா" என்று மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் 'ப்பா' என்றதற்காகத்தான் சண்டை போடாமல் வந்தேன்.

தனியாரில் விசாரித்தேன். ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொன்னார்கள். கையில் 61 ஆயிரம் இருக்கிறது. சீட்டு எடுக்க இன்னும் ஒன்பது மாதம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை இரவிலிருந்து ஒரே எண்ணம். மேசையில் அடுக்கி வைத்த துணியைக் கோடு பிசகாமல் வெட்டுகிறவன் நான், இதற்கு ஏன் இன்னொருவர் தேதி கொடுக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று. போ என்றால் போகமாட்டேன் என்கிறது. நெட்டில் தேடினேன். தனக்குத்தானே செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறார்களா? பிழைத்தார்களா? திட்டாமல் சொல்லுங்கள்.

கார்பரேட்டர்
ஞாயிறு, இரவு 11.58

தம்பி, திட்டமாட்டேன். திட்டுகிற தகுதி எனக்கு இல்லை. நீளமாக எழுத வேண்டியது இருக்கிறது, எழுதுகிறேன். அதற்குள் எனக்காக ஒரு வேலை செய். அறையில் கூட யாராவது இருந்தால் எழுப்பு. காரணம் சொல்ல வேண்டாம், டீ குடிக்கக் கூப்பிடு. மனதில் எதை நினைத்து வைத்திருக்கிறாயோ அது அறையில் இருந்தால் கீழே கொண்டுபோய் யாரிடமாவது கொடுத்துவிடு. தனியாக இருந்தால் 14416க்கு அடி. டெலி மானஸ், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. ஏற்கெனவே ஏதாவது செய்துவிட்டாய் என்றால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காதே, 108.

ஒன்றரை ஷிப்டு
திங்கள், அதிகாலை 12.09

ஒன்றும் செய்யவில்லை அண்ணே. ரூமில் ஒடிசாப் பையன் ஒருவன் இருக்கிறான், என் விஷயம் தெரிந்தவன். எழுப்பிவிட்டேன். "பாகல்" என்று திட்டிக்கொண்டே சட்டை போடுகிறான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்குப் போகிறோம்.

கார்பரேட்டர்
திங்கள், அதிகாலை 1.35

சரி. வந்து படி.

2013. மதுரை. எனக்கு 22 வயது. டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை, மொட்டை மாடியில் ஒற்றை அறை. நான் அதைச் செய்தேன். எதை எடுத்தேன், எங்கே வைத்தேன் என்பதை எழுதமாட்டேன். தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்டாலும் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் எழுதுகிறேன், நெட்டில் அதை யாரும் எழுதுவதில்லை.

என் அப்பா கோழிக்கடை வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே ரத்தம் பார்த்து வளர்ந்தவன், அதனால் மயக்கமெல்லாம் வராது என்று நினைத்தேன். வந்தது. வலி தாங்காமல் வந்த மயக்கம் என்று நினைத்துவிடாதே, வலி அப்போது பெரிதாகத் தெரியவே இல்லை. சொந்த ரத்தத்தைப் பார்த்ததும் காது அடைத்தது, கண் இருட்டியது, அவ்வளவுதான். அடுத்து ஞாபகம் இருப்பது கன்னத்துக்குக் கீழே குளியலறைத் தரையும் பினாயில் வாசனையும். மயங்கிக் கிடப்பவன் காயத்தை அழுத்திப் பிடிக்க முடியுமா? இந்த ஒரு கேள்வி முன்பே எனக்குத் தோன்றவில்லை.

பிழைத்தது எப்படி என்றால், குழாயைத் திறந்துவிட்டிருந்தேன். தொட்டித் தண்ணீர் காலியாகிறது என்று வீட்டுக்கார அக்கா கத்திக்கொண்டே மாடியேறி வந்தார். தண்ணீர்ப் பஞ்சம் இல்லாத தெருவாக இருந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

ஷேர் ஆட்டோவில் பெரியாஸ்பத்திரி. தையல், இரண்டு பாட்டில் ரத்தம், டிடி ஊசி. எம்எல்சி, அதாவது போலீஸுக்குச் சொல்ல வேண்டிய கேஸ், என்று போட்டு போலீஸ்காரர் ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார். கண்ணாடி மேல் விழுந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன், அவரும் நம்பியதுபோல எழுதினார். ஐந்தாம் நாள் காய்ச்சல். தையல் போட்ட இடத்தில் சீழ். பிரித்துக் கழுவித் திறந்தபடியே விட்டார்கள், தினமும் டிரெஸ்ஸிங். 19 நாள் இருந்தேன். எங்கே தெரியுமா? பெண்கள் வார்டில். எதை யாரும் பார்க்கக்கூடாது என்று இவ்வளவும் செய்தேனோ அதை ரவுண்ட்ஸ் வந்த அத்தனை பேரும் காலையும் மாலையும் துணியை விலக்கிப் பார்த்தார்கள். காயத்தைப் பார்க்க வந்தவர்கள்தான், அவர்கள்மேல் தப்பில்லை. ஹவுஸ் சர்ஜன் பெண் ஒருவர் மட்டும் மூன்றாம் நாளிலிருந்து தானாகவே "அண்ணா, கொஞ்சம் எரியும்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சை வைப்பார். கேஸ் ஷீட்டில் இருந்தது என் பழைய பெண் பெயர்.

இதெல்லாம்கூடப் போகட்டும். நீ மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இனிமேல் வருவது. அதே வருடம் என்னோடு கவுன்சலிங்குக்கு வந்துகொண்டிருந்த ஒரு நண்பனுக்கு 2014 கடைசியில் அறுவை முடிந்துவிட்டது. வரிசையில் எனக்கு இரண்டு மூன்று பேர் பின்னால் இருந்தவன். எனக்கு முடிந்தது 2019இல். ஏன்? முதலில் காயம் ஆற வேண்டும். ஆறிய தழும்பு இளக வேண்டும், குறைந்தது ஒரு வருடம் என்றார்கள். எனக்குத் தழும்பு தடித்து வளரும் உடம்பு, அதற்குத் தனியாக ஊசி. மனநலச் சான்று பழையது செல்லாது, மறுபடி முதலிலிருந்து. தன்னைத்தானே வெட்டிக்கொண்டவன் என்று கேஸ் ஷீட்டில் இருக்கும்போது எந்த மனநல மருத்துவரும் உடனே கையெழுத்துப் போடமாட்டார். நானாக இருந்தாலும் போடமாட்டேன். இடையில் ஒரு சர்ஜன் என்னைப் பார்த்துவிட்டு, "தோல் நிறைய இருந்தா எனக்கு வேலை சுலபம்ப்பா, நீ எனக்கு எதையும் மிச்சம் வைக்கலையே" என்றார். நாள் குறையும் என்று நினைத்துச் செய்தது ஆறு வருடத்தைத் தின்றுவிட்டது தம்பி.

இப்போது கண்ணாடி முன் நின்றால் வலது பக்கம் மெல்லிய கோடு, மார்பு தட்டை, மற்ற ஆண்களுடையது போலவே இருக்கிறது. அது டாக்டர் மட்டும் கைவைத்த பக்கம். இடது பக்கம் குழி. மார்புக் காம்பை எடுத்து ஒட்டியதில் பாதி பிடிக்கவில்லை, தழும்புக்குள் ரத்த ஓட்டம் போதவில்லை என்றார்கள். சட்டை போட்டால் தெரியாது. கழற்றினால் தெரியும். நீச்சலுக்குப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசையாக இருந்தது. போகிறேன், இடது கையை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு.

ஒர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால், கார்பரேட்டரைப் பிரித்து மேசையில் பரப்பிவிட்டு மதியம் சாப்பிடப் போகலாம், வந்து மாட்டலாம். ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு அதே வண்டியின் இன்ஜினைப் பிரிக்க முடியுமா? துணியும் அப்படித்தான். நீ வெட்டும் துணிக்கு ரத்தம் வராது, வெட்டுகிறவன் கையும் அந்தத் துணியும் வேறு வேறு.

தூங்கு. மீதியை நாளை எழுதுகிறேன்.

பனிக்கரடி 77
திங்கள், காலை 8.12

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வி 'யாராவது பிழைத்திருக்கிறார்களா' என்பது. வரலாற்றில் உண்டு. 1961 ஏப்ரல் 30, அண்டார்டிகாவில் சோவியத் நிலையமான நோவோலாசரேவ்ஸ்காயாவில் லியோனிட் ரோகஸோவ் என்ற டாக்டர் தன் வயிற்றைத் தானே கிழித்து அப்பெண்டிக்ஸை எடுத்தார். ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். மனித உடம்பு நாம் நினைப்பதைவிடக் கெட்டியானது என்பதற்காகச் சொல்கிறேன்.

தியேட்டர் சிஸ்டர்
திங்கள், மாலை 4.50

இப்போதுதான் டியூட்டி முடிந்தது. அறுவை அரங்கில் ஸ்டாஃப் நர்ஸாக 14 வருடம் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டர்.

பனிக்கரடி சார், அந்த ரஷ்ய டாக்டர் கதையை எங்களுக்கும் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் விட்டதை நான் சேர்க்கிறேன். அவர் பயிற்சி பெற்ற சர்ஜன். அந்த நிலையத்தில் இருந்த ஒரே டாக்டரும் அவர்தான். பனிப்புயல், விமானம் வர வழியில்லை. செய்யாவிட்டால் சாவு நிச்சயம் என்பதால் செய்தார். கண்ணாடி பிடிக்கவும் கருவி எடுத்துக் கொடுக்கவும் ஆட்கள் நின்றார்கள். அவர் மயங்கிவிட்டால் என்ன ஊசி போடுவது என்றுகூட முன்பே சொல்லி வைத்திருந்தார். அப்படியும் அரை மணி நேரத்துக்குப் பிறகு தலை சுற்றி, சில நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தித்தான் முடித்தார்.

அதே அண்டார்டிகாவிலிருந்து தம்பிக்குப் பொருத்தமான கதை ஒன்று நான் சொல்கிறேன். 1999இல் தென் துருவத்தில் அமெரிக்க நிலையத்தின் டாக்டர் ஜெர்ரி நீல்சன். தன் மார்பில் கட்டி இருப்பதைத் தானே கண்டுபிடித்தார். அங்கே குளிர்காலத்தில் மாதக்கணக்கில் விமானம் இறங்காது. அவர் என்ன செய்தார்? கூட இருந்தவர்களுக்குப் பழக்கிக் கொடுத்து, ஊசி வைத்துச் சோதனைக்குத் துளியூண்டு எடுத்தார். படங்களை அமெரிக்காவுக்கு அனுப்பினார். புற்றுநோய்தான். விமானத்திலிருந்து போட்ட மருந்தை ஏற்றிக்கொண்டு அக்டோபர் நடுவில் விமானம் வந்து இறங்கும்வரை காத்திருந்தார். டாக்டர், புற்றுநோய், எட்ட முடியாத இடம். அவரே மார்பைத் திறக்கவில்லை. அந்த வேலையை ஊருக்குத் திரும்பியதும் ஆஸ்பத்திரியில்தான் செய்தார்கள்.

ஏன் என்று எங்கள் தியேட்டரைப் பார்த்தால் புரியும். மார்புக்கு ரத்தம் ஒரு பக்கத்திலிருந்து வருவதில்லை. அக்குள் பக்கமிருந்தும் வருகிறது, நடு எலும்பை ஒட்டி விலாக்களுக்கு இடையிலிருந்தும் வருகிறது. இந்த இரண்டாவது வகை அறுபட்டால் சில சமயம் உள்ளே சுருங்கிப் போய்விடும், முனை வெளியே தெரியாது. சர்ஜன் ஒருவர், உதவிக்கு ஒருவர், ரத்தத்தை உறிஞ்ச ஒரு குழாய், கரண்டில் சுட்டு அடைக்கும் கருவி, தலைமாட்டில் பிபியையும் ஆக்சிஜனையும் விட்டுக் கண்ணெடுக்காத மயக்க மருந்து டாக்டர், இவ்வளவும் இருந்தும் சில கேஸில் முடித்து வார்டுக்கு அனுப்பிய பிறகு உள்ளே ரத்தக்கட்டு சேர்ந்து இரவு பதினொரு மணிக்கு மறுபடி தியேட்டரைத் திறப்போம். அந்த நேரத்தில் காப்பாற்றுவது ரத்த வங்கியும் நாங்கள் நான்கைந்து பேரும். ரூமில் யார் திறப்பார்கள்?

அடுத்து நுரையீரல். விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசை தடிமன் கிடையாது, அதற்கு உள்ளேயே நுரையீரலைச் சுற்றிய உறை. அதில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே புகுந்து நுரையீரல் சுருங்கும். மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டால் வலிக்காதே என்று நெட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மருந்து அளவு மீறினால் வலிப்பு வரும், இதயம் நிற்கும். தியேட்டரில் கிலோ கணக்குப் பார்த்து, பக்கத்தில் அதற்கான மாற்று மருந்தையும் வைத்துக்கொண்டுதான் அதைக் கையில் எடுக்கிறோம்.

இப்போது தம்பியின் 8.4. ஃபிட்னஸ் தராதது உன்னை அலைக்கழிப்பதற்கு என்று நினைக்காதே. ஆபரேஷனில் ஒரு 300 மில்லி போனால் 13 இருப்பவருக்கு அது பெரிதில்லை. 8.4இல் இருப்பவருக்கு அதே 300 மில்லியில் நிலைமை மாறிவிடும். நீயாக ஏதாவது செய்திருந்தால் கார்பரேட்டர் சார் மயங்கியதைவிட நீ சீக்கிரம் மயங்கியிருப்பாய். அந்த மயக்க மருந்து டாக்டரை நான் பார்த்ததில்லை, ஆனால் அவர் பேனாவால் உன்னைக் காப்பாற்றியிருக்கிறார்.

மாத்திரையை எதோடு சாப்பிடுகிறாய்?

ஒன்றரை ஷிப்டு
திங்கள், இரவு 9.44

டீயோடு சிஸ்டர். காலை டீ பிரேக்கில்தான் ஞாபகம் வரும்.

தியேட்டர் சிஸ்டர்
திங்கள், இரவு 10.02

அப்படியென்றால் மாத்திரையில் பெரும்பங்கை டீ குடித்திருக்கிறது, நீ குடிக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி, பால் கூடாது. எலுமிச்சைச் சாற்றோடு போடு. காலையில் முடியாவிட்டால் இரவு படுக்கும்போது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. கீரையும் ஈரலும் நல்லது, ஆனால் முருங்கைக்கீரையை மட்டும் நம்பிக்கொண்டு மாத்திரையை விட்டுவிடாதே. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல், கூச்சப்படாமல். ஓட்டை அங்கே இருந்தால் மேலே எவ்வளவு ஊற்றினாலும் தொட்டி நிறையாது. அதை நிறுத்தவும் மருந்து இருக்கிறது.

கார்பரேட்டர்
செவ்வாய், காலை 7.20

சிஸ்டர் சொன்ன பிறகு எனக்கு மிச்சம் குறைவு. பைண்டர் பற்றி மட்டும்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போது கூடவே கூடாது. உனக்கு விலா வலிக்கிறது என்றால் இந்த வாரம் முழுக்கப் போடாமல் இரு. வலி குறையாவிட்டால் எக்ஸ்ரே. வேலைக்கு என்ன செய்வது என்பாய். நான் செய்தது: உள்ளே இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பனியன், மேலே ஒரு முழுக்கைப் பனியன், அதற்கு மேல் பெரிய கட்டம் போட்ட சட்டை, பட்டன் திறந்து. ஒற்றை நிறச் சட்டை காட்டிக்கொடுக்கும், கட்டம் காட்டாது. வேர்க்கும்தான். பேண்டேஜ் துணியைச் சுற்றுவது, ஒட்டுகிற டேப்பைச் சுற்றுவது இரண்டையும் தொடாதே, அவை மூச்சு விட விடாமல் இறுகிக்கொண்டே போகும். தைக்கத் தெரிந்தவன் நீ, முன்பக்கம் மட்டும் இரண்டு மடிப்பு, முதுகுப் பக்கம் ஒற்றை மடிப்பு வைத்து ஒரு அளவு பெரிதாக இன்னொன்று தை. விலா விரிய இடம் வேண்டும்.

வரிசை பற்றி: அடுத்த முறை போகும்போது சர்ஜரி வார்டில் கேட்காதே, மருத்துவ சமூக சேவகர் என்று ஒருவர் இருப்பார், அவரைப் பார். ஃபிட்னஸுக்காகத் தள்ளிவைத்தவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கிறார்களா, அப்படியே வைக்கிறார்களா என்று நேராகக் கேள். சென்னையில் ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜியிலும் திருநர்களுக்கென்றே பிரிவு இருக்கிறது, உன் இடத்தில் ரொம்ப இழுத்தால் அங்கேயும் காட்டலாம். டி ஊசி (டெஸ்டோஸ்டிரோன், ஆண் ஹார்மோன்) இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று யாராவது சாக்குச் சொன்னால், உலகம் முழுக்க டாக்டர்கள் பின்பற்றுகிற வழிகாட்டியின் 2022 பதிப்பில் மார்பு அறுவைக்கு ஹார்மோன் கட்டாயம் இல்லை என்று இருப்பதை மரியாதையாக எடுத்துச் சொல்.

சிகரெட் உண்டா? இருந்தால் இன்றே விடு. ஒட்டுகிற காம்பு பிடிக்காமல் போக அது ஒரு முக்கியக் காரணம்.

தியேட்டர் சிஸ்டர்
செவ்வாய், காலை 7.51

ஒரு வார்த்தை: அரை விலைக்கு முடித்துத் தருகிறேன் என்று யாராவது புரோக்கர் வருவான், இந்த மாதிரிப் பதிவுகளைத் தேடிப் பிடித்தே வருவான். அறுவை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, மயக்க மருந்து டாக்டர் முழு நேரமும் உள்ளே இருப்பாரா, இரவு தங்க வைத்துப் பார்ப்பார்களா, ரத்தத்துக்கு எங்கே போவார்கள்? இந்த நான்கையும் கேள். பதில் சொல்லத் தயங்கினால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடு.

மூத்தவள்
செவ்வாய், பகல் 2.15

கண்ணு, நான் திருநங்கை. விழுப்புரம் பக்கம். உன் வயசுக்கு நான் பாட்டி முறை வேணும். எனக்கு எழுத வராது, பேத்தி எழுதுறா, நான் சொல்லச் சொல்ல.

எங்க காலத்துல டாக்டர் எங்களத் தொடமாட்டார். தாயம்மா கைதான், அறுத்துவிடுற மூத்த திருநங்கைய அப்படித்தான் சொல்வோம். ஆந்திரப் பக்கம் ஒரு ஊருக்கு ராத்திரி ரயிலில் நாங்க ரெண்டு பேர் போனோம், நானும் என் தோழியும். ரெண்டு பேருக்கும் ஒரே விடியல்ல நிர்வாணம், ஆணுறுப்ப அறுத்து எடுக்குற சடங்கு. நாப்பது நாள் கண்ணாடி பாக்கக்கூடாது, பால் குடிக்கக்கூடாதுன்னு எல்லாம் முறை உண்டு. நாப்பத்தோராம் நாள் நான் மட்டும் மஞ்சப் புடவை கட்டி உக்காந்தேன். அவளுக்கு எட்டாம் நாளே காய்ச்சல் வந்து போயிட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா போலீஸ் கேக்கும்னு யாரும் கொண்டுபோகல. அவ அம்மாவுக்கு நாங்க சொன்னது பம்பாயில வேலைக்குப் போயிருக்கான்னு. அந்தம்மா சாகறவரைக்கும் லெட்டர் எதிர்பார்த்தாங்க.

2008ல திருநங்கைங்க நல வாரியம் வந்துது, அப்புறம் அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாம பண்றாங்கன்னு சொன்னப்ப நான் நம்பல. என் மக ஒருத்தி போய்ப் பண்ணிக்கிட்டு வந்தா. வார்டுல போய்ப் பாத்தேன், வெள்ள பெட்ஷீட், கைல குளுக்கோஸ், பக்கத்துல நர்ஸம்மா திட்டிக்கிட்டே சோறு ஊட்டுது. வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்து அழுதேன். எங்களுக்குக் கதவே இல்ல கண்ணு. உனக்குக் கதவு இருக்கு, முன்னாடி கூட்டம் நிக்குது. ஏதாவது பேசணும்னா பேத்திக்கு மெசேஜ் போடு, ராத்திரி எனக்கு எப்படியும் தூக்கம் வராது.

பனிக்கரடி 77
செவ்வாய், மாலை 6.30

ரோகஸோவ் கதையை நேற்று நான் போட்டிருக்கக் கூடாது, அதுவும் அந்த நேரத்தில். மன்னிக்கவும் தம்பி. பதிவை அழிக்கலாம் என்று பார்த்தேன், சிஸ்டரின் பதில் தலையும் காலும் புரியாமல் போய்விடும் என்று விட்டுவைக்கிறேன்.

ஒன்றரை ஷிப்டு
செவ்வாய், இரவு 11.05

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். இன்று 14416இல் பேசினேன். முதலில் வேறு பெயரைச் சொன்னேன், பிறகு என் பெயரைச் சொன்னேன். அந்த எண்ணம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மனநல டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். சொன்னால் சான்றை ரத்து செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

கார்பரேட்டர்
செவ்வாய், இரவு 11.21

சொல். எண்ணம் வந்தது என்று நீயாக வந்து சொல்பவனுக்கும், செய்துவிட்டுத் தையலோடு வந்து நிற்பவனுக்கும் கேஸ் ஷீட்டில் வித்தியாசம் இருக்கிறது. நான் இரண்டாவது ஆள். என் சான்றுதான் போனது. வருகிற வாரம் போவதாக இருந்தால் சொல், நானும் பஸ் ஏறி வருகிறேன். ஓபி வாசலில் நின்று டோக்கன் எடுப்பதில் எனக்கு ஆறு வருட அனுபவம்.

ஒன்றரை ஷிப்டு
ஏழு வாரம் கழித்து, சனி, இரவு 10.30

சம்பள நாள், அதனால் சீக்கிரம் விட்டார்கள். மேலே இருப்பதை மறுபடி படித்தேன், அப்படியே விட்டுப்போக மனம் வரவில்லை.

கார்பரேட்டர் அண்ணன் சொன்னபடியே வந்தார். டாக்டரிடம் சொன்னேன். சான்றை ரத்து செய்யவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னார், தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். சமூக சேவகர் அம்மா பட்டியலைத் திறந்து காட்டினார், என் பெயர் அடிக்கப்படவில்லை, பக்கத்தில் பென்சிலில் 'ஹெச்பி', அதாவது ஹீமோகுளோபின், என்று மட்டும் எழுதியிருந்தது. மாதவிடாயை நிறுத்த மருந்து ஆரம்பித்தாயிற்று. போன புதன் ரத்தம் எடுத்தார்கள், 10.3. இன்னும் கொஞ்சம் ஏறட்டும், மூன்று வாரத்தில் மறுபடி பார்த்துவிட்டுத் தேதி என்றிருக்கிறார்கள். புது பைண்டரை அண்ணன் சொன்ன மாதிரி தைத்தேன், விலா வலி இல்லை. கம்பெனியில் மேசை இருக்கும் பக்கம் ஃபேன் வந்துவிட்டது, அது தனிக் கதை.

ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி இருக்கும் அண்ணே? அதை யாரும் சொல்லவே இல்லையே.

கார்பரேட்டர்
ஞாயிறு, காலை 6.40

இரண்டு பக்கமும் குழாய் தொங்கும், நுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குப்பி. காலையும் மாலையும் அதில் சேர்வதை அளந்து நோட்டில் எழுதச் சொல்வார்கள். என் நோட்டு இன்னும் இருக்கிறது: முதல் நாள் இடது 70, வலது 45. நிறமும் எழுத வேண்டும், சிவப்பு, ரோஸ், மஞ்சள். ஒரு நாளுக்கு 30 மில்லிக்குக் கீழே வந்ததும் உருவிவிட்டார்கள், எனக்கு எட்டாம் நாள். உருவும்போது புழு ஊர்ந்து போகிற மாதிரி இருக்கும். ஆறு வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. கட்டிங் வேலைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே லீவு கேள். சட்டை எல்லாம் முன்பக்கம் பட்டன் வைத்ததாக இருக்கட்டும். தலைக்குக் குளிப்பாட்டிவிட ஒடிசாத் தம்பியை இப்போதே தயார் செய்.

முதல் தடவை கட்டைப் பிரிக்கும்போது கீழே பார்க்காதே, எதிரே சுவரைப் பார். எல்லோருக்கும் சொல்வார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். நானும் கேட்கவில்லை.

ஒன்றரை ஷிப்டு
ஞாயிறு, காலை 9.15

அவனிடம் சொல்லிவிட்டேன். ஐநூறு ரூபாய் கேட்கிறான்.

சிஸ்டர், பேரீச்சம்பழத்தை டீயோடு சாப்பிட்டால் கணக்கில் வருமா?

தியேட்டர் சிஸ்டர்
ஞாயிறு, காலை 9.20

வராது.